27-ம் பக்கத்துப் பொட்டு

உங்கள் வீட்டில் யாராவது கதைப் புத்தகத்துக்கு நியூஸ்பேப்பர் அட்டை போட்டுப் படித்ததுண்டா? பாடப் புத்தகத்துக்கு பிரவுன் அட்டை. கதைப் புத்தகத்துக்கு நியூஸ்பேப்பர் அட்டை என்றால், உள்ளே இருப்பது மில்ஸ் அண்ட் பூன் என்று எங்கள் தெருவில் அத்தனை பேருக்கும் தெரியும். மறைக்கப் போட்ட அட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் வீட்டில் படித்தது அக்கா. வாங்கி வந்தது நான்.

1993. நான் ஒன்பதாம் வகுப்பு. என்னைவிட ஒன்பது வயது மூத்த அக்கா, கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் ஒரு சூட்கேஸோடு மேற்கு மாம்பலம் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நாகரிகம் கருதி அல்ல, எங்கே பதில் சொல்லிவிடுவாளோ என்கிற பயம். அம்மா அடுப்படியில் அழுவாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். வந்து போகிற உறவுக்காரர்கள், 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போயிருக்கலாம்' என்று சொல்லிவிட்டு, டிகாக்‌ஷன் தூக்கலாகக் காபி கேட்டார்கள். குடும்ப வன்முறை என்ற வார்த்தையே அப்போது எங்கள் வீட்டில் புழங்கவில்லை. அதற்கென்று தனிச் சட்டமே 2005-ல்தான் வந்தது.

அக்கா யாரோடும் பேசவில்லை. வெளியே போகவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து படித்தாள். வாரத்துக்கு நாலு புத்தகம். சில வாரம் ஆறு.

தெருமுனையில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு கடை. ஐம்பது ரூபாய் டெபாசிட், புத்தக விலையில் பத்து சதவிகிதம் வாடகை. நடத்தியவர் ரிடையரான ஒரு பெரியவர். நான் உள்ளே நுழைந்தாலே, 'என்ன தம்பி, லேடீஸ் செக்‌ஷனா?' என்று எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி விசாரிப்பார். மேல் தட்டில் சுஜாதா, ராஜேஷ்குமார். நடுத்தட்டு முழுக்க ரமணிசந்திரன். குனிந்து உட்கார்ந்தால் தரையோடு தரையாக மில்ஸ் அண்ட் பூன். அதில் ஆசிரியர் பேரெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. எல்லாம் ஒரே சைஸ், ஏறக்குறைய ஒரே பக்கம், நூற்றுத் தொண்ணூறுக்குள் எப்படியும் கல்யாணம் ஆகிவிடும்.

என்ன மாதிரி வேண்டும் என்று முதல் தடவை கேட்டதற்கு அக்கா சொன்னாள்: ''அட்டையில அவன் அவ கையை முறுக்கிப் பிடிச்சிருந்தா மட்டும் வேணாம்டா. மத்தபடி எது இருந்தாலும் கொண்டா.''

ஜோக் அடிக்கிறாள் என்று நினைத்தேன்.

பதினாலு வயசுப் பையன் கையில் நாலு மில்ஸ் அண்ட் பூனைக் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும்? வரும் வழியில் பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்து புரட்டுவேன். எதற்கென்று விளக்க வேண்டாம். புத்தகத்தைச் சும்மா கையில் வைத்தாலே அந்தப் பக்கத்தில் தானாகத் திறந்துகொள்ளும். எனக்கு முன்னால் அவ்வளவு பேர் உழைத்திருந்தார்கள். இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனாலும் விஷயம் புரிந்தது. ஓஹோ, இதற்காகத்தான் அக்காவும் படிக்கிறாள் என்று அந்தத் திண்ணையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். அதைத் திருத்தி எழுத எனக்கு 23 வருஷம் பிடித்தது.

அம்மா ரமணிசந்திரன் கட்சி. நூற்றுக்கும் மேல் நாவல் எழுதியவர். லைப்ரரிப் பிரதிகள் அட்டை கிழிந்து, பைண்டிங் போட்டு, அந்த பைண்டிங்கும் கிழிகிற அளவுக்கு ஓடியவர். அவர் கதையில் அறைக் கதவு சாத்தப்பட்டால் அத்தியாயம் முடிந்துவிடும். அக்காவின் புத்தகங்களில் கதவுக்கு உள்ளேயும் கதை நடக்கும். 'அதையெல்லாம் போய் எழுதுவாங்களா!' என்று அம்மா முகத்தைச் சுளிப்பாள். இந்தக் கதவு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இப்போது ஒரு அசிங்கத்தைச் சொல்ல வேண்டும். அக்காவுடையது இல்லை, என்னுடையது.

1998. நான் பி.காம். இரண்டாம் வருஷம். கணக்குப் பதிவியலைவிட இலக்கியம் உசத்தி என்று யாரோ காதில் ஓதிவிட, சிறுபத்திரிகையை வெளியே தெரிகிற மாதிரிக் கையில் பிடித்துக்கொண்டு காலேஜுக்குப் போய்வந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் நாலைந்து விருந்தாளிகள். அக்காவின் மடியில் நியூஸ்பேப்பர் அட்டை. அதைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: ''இந்தக் குப்பையைப் படிச்சுப் படிச்சுத்தான் இவ இப்படி ஆயிட்டா.''

அக்கா சிரித்தாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எல்லோருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை என்னிடம் காசு தரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தானே லைப்ரரிக்குக் கிளம்பினாள். மிச்ச சில்லறை போச்சே என்பதுதான் எனக்கு அப்போது தோன்றிய வருத்தம். அஞ்சு வருஷமாக அந்தத் தெருமுனைக்கு அவள் தனியாகப் போனதே இல்லை, எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் 'அவர்' இரண்டு மூன்று தடவை வந்து நின்றிருக்கிறார், அதனால்தான் இத்தனை நாள் என்னை அனுப்பினாள் என்பதெல்லாம் தெரியாத விஷயமில்லை. எல்லாம் கண் முன்னால்தான் இருந்தது. சேர்த்துப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் அக்கா ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். 2004-ல் மறுபடி கல்யாணம் செய்துகொண்டாள். மாமா நல்ல மனிதர், மனைவியை இழந்தவர், அதிகம் பேச மாட்டார். சொந்த வீட்டிலேயே ஒரு அறைக்குள் நுழையும் முன் கதவைத் தட்டுகிற வினோதப் பழக்கம் அவருக்கு உண்டு. கதவு திறந்தே இருந்தாலும் தட்டுவார். 'மாமா, இது உங்க ஆபீஸ் இல்ல' என்று நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

2016-ல் அந்த லெண்டிங் லைப்ரரியை மூடினார்கள். பெரியவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகியிருந்தன. மகனுக்கு இதில் நாட்டமில்லை. 'ஒரு தலைமுறையின் வாசல் மூடுகிறது' என்கிற தினுசில் அரைப் பக்கம் எழுதலாம் என்று நோட்டோடு போனேன். புத்தகங்களை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிலோ நாற்பது ரூபாய். குனிந்து, தரையோடு இருந்த தட்டிலிருந்து கைக்கு வந்ததை அள்ளினேன். பதினாலு புத்தகம். மொத்தம் ரெண்டு கிலோகூட வரவில்லை.

லெண்டிங் லைப்ரரியில் படித்தவர்களுக்கு ஒரு ரகசியம் தெரிந்திருக்கும். எல்லா நாவலும் ஒன்றுபோலவே இருப்பதால், எது படித்தது எது படிக்காதது என்று குழம்பும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், ஒரு அடையாளம். ஒரு மாமி 50-ம் பக்கத்தில் இனிஷியல் போடுவார். இன்னொருவர் 11-ல் ஒரு நட்சத்திரம். அடுத்த தடவை எடுத்ததும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு புத்தகத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து போன தடம் இருக்கும்.

நான் அள்ளி வந்த புத்தகங்களில் 27-ம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பொட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஸ்கூல் நாளிலிருந்து அக்கா தன் ஜாமெட்ரி பாக்ஸிலும் டிபன் டப்பாவிலும் கீறி வைக்கிற அடையாளம் அது. 27 எங்கள் வீட்டுக் கதவு எண். அத்தனை வருஷம் சுமந்து வந்தவன் நான் இதைக் கவனித்ததே இல்லை. 27-ம் பக்கத்தில் எனக்கு வேலை இருந்ததில்லை. நான் தேடிய சமாசாரம் 120-க்கு அப்புறம்தான் வரும்.

எட்டுப் புத்தகத்தில் வட்டத்துக்குள் பொட்டு. ஐந்தில் வட்டம் இல்லை, பொட்டின் மேல் குறுக்கே ஒரு கோடு. ஒன்றில் எதுவுமே இல்லை. கோடு போட்ட ஐந்தில் ஒன்றில் மட்டும், கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'பொய்'.

உட்கார்ந்து பதினாலையும் படித்தேன். இரண்டு வாரம் ஆனது. பஸ்ஸில் படிக்க வேண்டியிருந்ததால் நானும் நியூஸ்பேப்பர் அட்டை போட்டேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

கோடு போட்ட ஐந்தும் ஏறக்குறைய ஒரே ஜாதி. அவன் பணக்காரன், முரடன், சந்தேகப் பிராணி. அவள் வேண்டாம் என்பாள். அவன் மணிக்கட்டைப் பிடிப்பான். வேண்டாம் என்றால் வேணும் என்று அர்த்தமாம், எழுதியவரே சொல்லிவிடுகிறார். அவள் பொறுத்துப் பொறுத்துப் போக, 180-ம் பக்கத்தில் அவன் மனம் திருந்தி, சின்ன வயதில் அம்மா விட்டுப் போன கதையைச் சொல்லி அழுவான். சுபம். 'பொய்' என்று எழுதியிருந்தது இந்த ரகத்தில் ரொம்பப் பொறுமைசாலியான கதாநாயகி இருந்த புத்தகத்தில்.

வட்டம் போட்ட எட்டு வேறு ஜாதி. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தர் ஏற்கெனவே அடிபட்டவர். பெரும்பாலும் அவள், ஒன்றிரண்டில் அவன். நெருங்கி வரும்போது உடம்பு விறைத்துக்கொள்ளும். அப்போது மற்றவர் நிறுத்திக்கொள்வார். கோபித்துக்கொள்ளாமல், ஏன் என்று குடையாமல், எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வருவார், அல்லது ஜன்னலைத் திறந்துவிடுவார். அடுத்த நாளும் அதே மாதிரி. நடுவில் ஐம்பது பக்கத்துக்கு வேறு ஒன்றுமே நடக்காது. ஆறாவது, ஏழாவது தடவை அவளாகவே கையை நீட்டுவாள். நான் பதினாலு வயதில் தேடி அலைந்த அந்தப் பக்கங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான் வருகின்றன. முன்னால் இருந்த நூற்று இருபது பக்கத்தைத் தள்ளிவிட்டு நேரே அங்கே போனவனுக்கு என்ன புரிந்திருக்கும்?

அம்மாவின் ரமணிசந்திரன் அக்காவுக்கு ஏன் போதவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு நடந்ததெல்லாம் கதவைச் சாத்திய பிறகு நடந்தது. பகலில் நாலு பேர் முன்னால் அவர் தங்கமான மாப்பிள்ளை. கதவோடு நின்றுவிடுகிற கதை அவளுக்கு எதைச் சொல்லும்? சாத்திய கதவுக்குப் பின்னால் ஒருத்தி 'வேண்டாம்' என்றால் கேட்டுக்கொள்கிறவன் ஒருவன் உண்டு என்று யாராவது விவரமாக, பக்கம் பக்கமாக எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. அந்த வேலையை நம் ஊரில் யாரும் செய்யவில்லை. கிலோ நாற்பது ரூபாய்ப் புத்தகம் செய்திருக்கிறது. சட்டத்தைக் கேட்கிறீர்களா? 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நியாயச் சட்டத்திலும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவி விஷயத்தில் கணவனுக்குப் பழைய விலக்கை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

பத்திரிகைக்காரன் புத்தி சும்மா இருக்குமா? இந்தப் புத்தகங்களின் பூர்வீகத்தைத் தோண்டினேன். 1908-ல் லண்டனில் ஜெரால்டு மில்ஸ், சார்லஸ் பூன் என்ற இருவர் ஆரம்பித்த கம்பெனி. முதலில் ஜாக் லண்டன், வோட்ஹவுஸ் என்று எல்லாமும்தான் போட்டார்கள். 1930-களில்தான் முழுக்கக் காதலுக்குத் திரும்பினார்கள். விற்றது எங்கே என்கிறீர்கள்? அங்கேயும் லெண்டிங் லைப்ரரியில்தான். இரண்டு பென்னி வாடகைக்கு, பிரவுன் அட்டை போட்டு! 1971-ல் கனடாவின் ஹார்லெக்வின் கம்பெனி வாங்கியது. 2008-ல் இந்தியாவிலேயே கடை விரித்தார்கள்.

அக்காவின் கோடும் வட்டமும் அவள் தனியாகக் கண்டுபிடித்தது இல்லை என்றும் தெரிந்தது. 1972-ல் அமெரிக்காவில் கேத்லீன் வுடிவிஸ் எழுதிய 'தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்' சக்கைப் போடு போட்டது. அதில் கதாநாயகன் ஆரம்பத்திலேயே கதாநாயகியைப் பலாத்காரம் செய்கிறான். பிறகு அவனே காதல் கணவன். இந்த மாதிரி நாவல்கள் அடுத்த சில வருஷங்களுக்கு அமோகமாக விற்றன. பெண்களுக்கு இதுதான் பிடிக்கிறது போல என்று மேதாவிகள் முடிவு கட்டிய நேரத்தில், ஜேனிஸ் ராட்வே என்ற ஆராய்ச்சியாளர் ஒரு காரியம் செய்தார். படிக்கிறவர்களிடமே போய்க் கேட்டார். அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு ஊர், ஊரின் பேரை மாற்றி 'ஸ்மித்டன்' என்று வைத்தார். அங்கே ஒரு புத்தகக் கடை, அதன் வாடிக்கையாளர்களான நாற்பத்து இரண்டு பெண்கள். 1984-ல் புத்தகமாக வந்தது. ஒரு காதல் நாவலில் என்ன வரவே கூடாது என்று கேட்டதற்கு அந்தப் பெண்கள் சொன்ன பதில்களில் முன்னால் நின்றவை இரண்டு. ஒன்று பலாத்காரம், இன்னொன்று சோக முடிவு. வாங்கும் முன்னால் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களும் அவர்களில் உண்டு.

மேற்கு மாம்பலத்தில் பென்சிலால் போட்ட கோடு அங்கேயும் போடப்பட்டிருக்கிறது.

இன்னொரு நாவலையும் சொல்ல வேண்டும். லாரா கின்சேல் எழுதிய 'ஃப்ளவர்ஸ் ஃப்ரம் தி ஸ்டார்ம்', 1992. அகம்பாவம் பிடித்த ஒரு பிரபு, கணித மேதை, பக்கவாதத்தில் பேச்சை இழக்கிறான். பைத்தியம் என்று முடிவு கட்டி, வீட்டார் மனநோய் விடுதியில் அடைத்துவிடுகிறார்கள். இவன் பைத்தியம் இல்லை, வார்த்தைதான் வரவில்லை என்று கண்டுகொள்கிறாள், எளிமையே வாழ்க்கையாக உள்ள குவேக்கர் பெண் ஒருத்தி. அவன் ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பப் பொறுக்குகிறான். 2016-க்குப் பிறகு நானே தேடிப்போய் வாங்கிய புத்தகம் இது. ராத்திரி ரெண்டு மணிக்கு முடித்துவிட்டு மொட்டை மாடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். இலக்கியமா என்று கேட்டால் சண்டைக்கு வருவேன்.

அதே 1992-ல்தான் ஜூடித் ஹெர்மன் என்கிற அமெரிக்க மனநல மருத்துவரின் 'ட்ராமா அண்ட் ரெகவரி' வந்தது. அடிபட்ட மனசு மீள்வதை அவர் மூன்று கட்டமாகச் சொல்கிறார். முதலில் பாதுகாப்பு. பிறகு நடந்ததை நினைத்து, சொல்லி, துக்கம் கொண்டாடுவது. அதற்கப்புறம்தான் மனிதர்களோடு மறுபடி சேர்வது. முதலாவது இல்லாமல் மற்றது நடக்காது. காதல் நாவல் சிகிச்சை என்று நான் சொல்லவில்லை. டாக்டரிடம் போக வேண்டியவர் டாக்டரிடம்தான் போக வேண்டும். 1993-ல் எங்கள் வீட்டில் அக்காவுக்கு அந்த முதல் கட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று யோசித்தால், எனக்கு மாடிப்படி அறையும் நியூஸ்பேப்பர் அட்டையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு மரபு தெரியும். வரப்போகும் நஷ்டத்தை இன்றைக்கே கணக்கில் எழுது. வரப்போகும் லாபத்தைக் கைக்கு வரும்வரை எழுதாதே. 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' என்று பரீட்சைக்கு முன்னாள் ராத்திரி மனப்பாடம் செய்தோமே, அது இந்த வகைதான். ஒருமுறை பெரிய கடன் ஒன்று வராமல் போன கம்பெனி, அப்புறம் நல்ல பார்ட்டிக்கும் ஒதுக்கு எழுதும். எல்லாரையும் சந்தேகப்படும். அக்கா அப்படித்தான் இருந்தாள். அப்பா சத்தமாகத் தும்மினாலே அவள் தோள் குலுங்கும்.

அப்படிப்பட்ட ஒரு பார்ட்டிக்கு என்ன கொடுத்தால் மறுபடி வியாபாரத்துக்கு வருவாள்? உத்தரவாதம். காதல் நாவல் கொடுப்பது அதைத்தான். எப்படியும் நல்லபடியாக முடியும் என்பது இந்தக் கதைகளின் எழுதாத ஒப்பந்தம். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர்கள் சங்கம் அதை எழுதியே வைத்தது, நம்பிக்கை தருகிற முடிவு இருந்தால்தான் அந்தப் பேர் என்று. இதைத்தான் நான் 'முடிவு தெரிஞ்ச கதை' என்று நக்கல் அடித்தேன்.

உத்தரவாதம் என்றதும் ஒரு உண்மைக் கதை. மில்ஸ் அண்ட் பூனில் மேரி பர்ச்செல் என்ற பெயரில் நூற்றுக்கும் மேல் நாவல் எழுதியவர் ஐடா குக். லண்டனில் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். அவரும் அக்கா லூயிஸும் ஆபரா பைத்தியங்கள். 1930-களில் ஹிட்லரின் ஜெர்மனிக்கு வார இறுதியில் ஆபரா பார்க்கப் போகிற மாதிரிப் போய், யூதர்களைத் தப்பவைத்தார்கள். அந்த நாளில் பிரிட்டன் அகதிகளை உள்ளே விட, இவருக்கு நான் பொறுப்பு என்று யாராவது பண உத்தரவாதம் கொடுக்க வேண்டும். அகதிகளோ தங்கள் சொத்தை வெளியே கொண்டுவர முடியாது. இந்தச் சகோதரிகள் அவர்களுடைய நகைகளையும் ஃபர் கோட்டுகளையும் தங்களுடையது மாதிரி மாட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டினார்கள். லண்டனில் உத்தரவாதம் கொடுக்க ஆள் பிடித்தார்கள். காதல் நாவல் எழுதி வந்த காசை இதில் போட்டார்கள். மொத்தம் 29 பேர். நான் குப்பை என்றது இந்தக் காசில் வந்த சரக்கையும் சேர்த்துத்தான்.

சரி, அக்காவிடம் வருகிறேன்.

அந்த 2016-ல், இரண்டு வாரப் படிப்பு முடிந்ததும், பதினாலையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு நங்கநல்லூரில் அவள் வீட்டுக்குப் போனேன். டீப்பாயில் கொட்டினேன். அவள் ஒன்றை எடுத்து, முன்னால் பின்னால் எதையும் பார்க்காமல், நேரே 27-ம் பக்கத்தைத் திருப்பினாள்.

''அட, இதெல்லாம் இன்னுமா இருக்கு!''

'பொய்' என்று எழுதியிருந்ததை எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

''நானும் ஒன்றரை வருஷம் அப்படித்தான்டா நெனச்சேன். நான் ஒழுங்கா நடந்துக்கிட்டா அவர் சரியாயிடுவார், நான் பொறுத்துக்கிட்டா மாறிடுவார்னு. இந்தப் புக்குல நூத்தி எம்பதாவது பக்கத்துல மாறிடறான். எனக்குப் பக்கம் தீரவே இல்ல.''

நான் ஒன்றும் சொல்லவில்லை.

''அதான் கோபம் வந்து எழுதிட்டேன். எனக்கு அப்புறம் எடுக்கறவ பார்க்கட்டுமேன்னு.''

''எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடியுதேக்கா, எப்படிப் படிச்சே? ஒரு சஸ்பென்ஸ் வேணாமா?'' இது இருபது வருஷம் முன்னால் கேட்ட அதே கேள்விதான். இந்தத் தடவை நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

''சஸ்பென்ஸா? சாயந்திரம் ஸ்கூட்டர் சத்தம் கேக்கும் பாரு, அந்த சத்தத்துலேயே இன்னிக்கு என்ன மூடுன்னு கண்டுபிடிக்கணும். ஸ்டாண்டு எப்படிப் போடறார், செருப்பை எப்படிக் கழட்டறார்னு கேட்டுக்கிட்டே நிப்பேன். அதுக்கு மேல எனக்கு எதுக்குடா சஸ்பென்ஸ்? முடிவு தெரிஞ்சதாலதான் படிச்சேன். நடுவுல அவ பயப்படறப்போ நானும் பயப்படலாம். எப்படியும் ஒண்ணும் ஆகாது.''

இந்தக் கதையில் வர மாதிரி மாமாவை நீ... என்று ஏதோ கேட்க ஆரம்பித்தேன். ''ஆமா, அவர் பெரிய இத்தாலியக் கோடீஸ்வரன்'' என்று வெட்டிவிட்டாள். மறுபடி கல்யாணத்துக்குச் சம்மதிக்க இந்தப் புத்தகங்களா காரணம் என்றால், அதெல்லாம் இல்லை என்றாள். சம்பளம் வந்தது, அப்பா இல்லாமல் போனது, தனியாக இருந்து பார்த்தது, மாமா நாலு மாதம் ஒரு பதிலுக்கும் அவசரப்படுத்தாமல் இருந்தது, இப்படி ஏழெட்டுக் காரணம் சொன்னாள். புத்தகம் அந்தப் பட்டியலில் இல்லை. கட்டுரைக்காரனுக்கு ஏமாற்றம்தான். அவள் சொன்னதைச் சொல்லியாக வேண்டும்.

1998 ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மன்னிப்பு மாதிரி எதையோ உளறினேன். அவளுக்கு ஞாபகமே இல்லை என்றாள். ''குப்பைன்னு சொன்னியா? குப்பையும் உண்டு அதுல. அஞ்சுக்கு நான்தான் கோடு போட்டிருக்கேனே.''

அப்போது கதவைத் தட்டும் சத்தம். திறந்துதான் இருந்தது. மாமா இரண்டு டம்ளர் காபியோடு வெளியே நின்றுகொண்டிருந்தார். அக்கா ''வாங்க'' என்ற பிறகு உள்ளே வந்தார். நான் கிண்டல் ஏதும் செய்யவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, டீப்பாயில் பரவிக் கிடந்த அட்டைப்படங்களைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அக்கா புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றில் கை நின்றது. 27-ம் பக்கம் சுத்தமாக இருந்தது.

''இது நான் படிக்கல போலிருக்கே.'' கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, அட்டைப்படத்தைப் பார்த்தாள். அவன் தள்ளி நின்றுகொண்டிருந்தான். ''டேய், பென்சில் வச்சிருக்கியா?''

''பேனாதான்க்கா இருக்கு.''

''பேனாவா? வேணாம், வேணாம். லைப்ரரி புக்குடா.''